தானா ஓடற மாதிரி

மல்லசமுத்திரம் சாலையில் செல்லாயி நினைவுப் பொறியியல் கல்லூரி தொடங்கி மூன்றாம் வருடம், எண்பத்தேழில், அங்கே எட்டுத் திரைகளோடு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கல்லூரியின் சேர்மன் தங்கசாமி அதுவரை வாங்கியதெல்லாம் ரிக் வண்டிகள். ஆந்திரா, மத்தியப்பிரதேசம் என்று போய் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள். புது வண்டிக்கு என்ன செய்வாரோ அதையே கம்ப்யூட்டருக்கும் செய்தார். மாலை போட்டார். சந்தனம் வைத்தார். எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்தின் கீழ் வைப்பது என்று கொஞ்சம் தடுமாறிவிட்டு, ஏசி அறைக்குள்ளேயே பூசணிக்காய் உடைக்கச் சொன்னார். சாறு தரைவிரிப்பில் இறங்கி ஒரு மாதம் நாறியது.

கம்பெனிக்காரன் சொல்லிவிட்டுப் போன நூறு விஷயங்களில் ஒன்று மட்டும் அவர் மண்டையில் நின்றது: தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும். மாணவர்கள்தான் தூசி என்று அவரே முடிவு செய்துகொண்டார். அறையைப் பூட்டிச் சாவியை டிரைவரிடம் கொடுத்து வைத்தார். கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்த பிள்ளைகள் கரும்பலகையில் எழுதிய புரோகிராமைப் பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் கக்கினார்கள்.

பூட்டிய அறைக்குள் போக அனுமதி உள்ள ஒரே ஆள் வசந்தாமணி. எருமப்பட்டி விவசாயி சுப்பையனின் மகள். கோயம்புத்தூரில் கணிதம் படித்துவிட்டு, சென்னையில் ஒரு வருடம் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள். வேலைக்குச் சேர்ந்தபோது சிஸ்டம்ஸ் மேனேஜர் என்று பெயர்ப்பலகை எழுதி மாட்டினார்கள். ஆனால் அவள் பார்த்த வேலை சேர்மனுடைய ரிக் வண்டிகளின் டீசல் கணக்கு. எந்த வண்டி எந்த ஊரில் எவ்வளவு குடித்தது என்று திங்கட்கிழமைதோறும் அவர் மேசையில் பட்டியல் இருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கையால் செய்து பார்த்தாள். அலுத்துவிட்டது. அந்த மெஷினை இயக்கும் யூனிக்ஸில் அதற்கு ஒரு வழி உண்டு. செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு ஸ்கிரிப்டாக எழுதி வைத்துக்கொண்டு, இன்ன நாள் இன்ன நேரம் என்று ஒரே ஒரு வரி தனியாகச் சேர்த்துவிட்டால் போதும். பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரம் வந்ததும் இயந்திரம் அந்த ஸ்கிரிப்டை எடுத்து ஓட்டிவிடும். அவள் அப்படியே செய்தாள். அடுத்த திங்கள் காலை டிரைவர் கதவைத் திறந்தபோது, ஆளில்லாத அறையில் பிரிண்டர் கரகரவென்று டீசல் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் வெளியே ஓடிவந்துவிட்டான்.

சேர்மனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வருகிறவர்களிடமெல்லாம், "நேரத்தைச் சொல்லிப்போட்டாப் போதுமுங்க, தானா ஓடும். சம்பளங் கேக்காது, லீவு கேக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வசந்தாமணி எதிரே நிற்கும்போதும் சொல்வார்.

அவளுக்கு அவர்மேல் பெரிய கோபம் ஒன்றும் இல்லை. ரிக் ஓட்டியவர் ரிக் ஓட்டியவராகவே இருக்கிறார், அவ்வளவுதான். அவள் அடியோடு வெறுத்தது பிரின்சிபால் கண்ணுசாமியை. அரசாங்கக் கல்லூரியில் முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பெயருக்குப் பின்னால் பட்டங்கள் கூட்ஸ் வண்டி மாதிரி நீளும். அப்படிப்பட்டவர் சேர்மன் வாயைத் திறப்பதற்கு முன்பே "ஆமாங்க" என்பார். ஒரு தடவை சேர்மன் தும்மியதற்கும் ஆமாங்க என்றார் என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்தாள் வசந்தாமணி. யாரும் கூடச் சிரிக்கவில்லை. அந்த அறையில் பாதிப் பேர் அதே கணக்குதான்.

அந்த வருடம் தை மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வருவதாகத் தகவல் வந்தது. கம்ப்யூட்டர் பிரிவு தொடர வேண்டுமானால் அவர்கள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வருகிற வாரத்தில் ஏதோ ஒரு நாள் என்றுதான் தெரியும். எந்த நாள் என்று தெரியாது. சேர்மன் வசந்தாமணியையும் பிரின்சிபாலையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அம்மணி, எட்டு டெர்மினல் இருக்குதில்லீங்களா? எட்டுலயும் பசங்க உக்காந்து அடிச்சுக்கிட்டு இருக்கோணும். கமிட்டி அதைப் பாக்கோணும்" என்றார்.

"அவங்களுக்கு அடிக்கத் தெரியாதுங்களே" என்றாள் வசந்தாமணி. "இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் உள்ளார வந்ததே இல்லீங்க."

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது. டீசல் கணக்கு எப்புடித் தானா ஓடுது? அதே மாதிரி ஸ்கிரீன்ல எதாச்சும் தானா ஓடற மாதிரி வெச்சுப்போடுங்க. பசங்க சும்மா வெரலை ஆட்டுனாப் போதும்."

வசந்தாமணி பிரின்சிபாலைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த செல்லாயி அம்மாளின் படத்தைப் பார்த்துக்கொண்டு, "நல்ல யோசனைங்க" என்றார்.

"சார், ஒரு வாரம் இருக்குது. கதவைத் தொறந்து உட்டீங்கன்னா ஆளுக்கு நாலு புரோகிராம் நெசமாவே அடிக்கப் பழகிக்குவாங்க" என்றாள்.

"தூசி" என்றார் சேர்மன்.

"ஆமாங்க, தூசி" என்றார் பிரின்சிபால்.

முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. இந்த ஆட்களுக்கு இது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தாள், ஆனால் எழுதத் தொடங்கியதும் வேலை அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு திரையில் எண்கள் வரிசைப்பட்டன. இன்னொன்றில் அணிகள் பெருக்கப்பட்டன. வேறொன்றில் நட்சத்திரக் குறிகளால் ஒரு கோபுரம் எழும்பியது. ஒரு மனிதன் தட்டுகிற வேகத்தில் எழுத்துகள் வர வேண்டும் என்பதற்காக எழுத்துக்கு எழுத்து சிறிய இடைவெளி கொடுத்தாள். நடுவே ஒரு எழுத்து தப்பாக விழுந்து அழிந்து சரியாவது போலவும் வைத்தாள். அது அவளுக்கே பிடித்திருந்தது. எந்த நாள் வருவார்கள் என்று தெரியாததால், தினமும் பதினோரு மணிக்கு ஓடும்படி வரி எழுதினாள். பதினோரு மணிக்குக் கமிட்டியை நேராக இங்கே கூட்டி வந்துவிட வேண்டும் என்று பிரின்சிபாலிடம் இரண்டு முறை சொன்னாள்.

மூன்றாம் வருட மாணவர்களில் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து ஒத்திகை நடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் வருவதுபோல் வந்தார்கள். விரல்கள் கீபோர்டுக்கு மேலே ஆட வேண்டும், கீயைத் தொடக் கூடாது. தொட்டால் ஓடுகிற எழுத்துகளோடு இவர்கள் எழுத்தும் கலந்துவிடும். பிரின்சிபாலே பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் வேகமா ஆட்டுங்க. முகத்துல யோசனை தெரியணும்" என்று சொல்லிக் கொடுத்தார். முப்பது வருடம் பாடம் நடத்திய மனிதர் கடைசியில் நடத்திய பாடம் அதுதான்.

கமிட்டி வியாழக்கிழமை வந்தது. மூன்று பேர். சேர்மன் அவர்களை வாசலிலேயே மடக்கி, முதலில் மலைக்குப் போய் சாமி தரிசனம், பிறகு தன் தோட்டத்து வீட்டில் சாப்பாடு என்று காரில் ஏற்றிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குக் கிளம்பிவிட்டார். பிரின்சிபால் முன் சீட்டில் உட்கார்ந்து போனார். பதினோரு மணி என்பது அவர் நினைவில் இருந்ததா என்பது தெரியவில்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அறையில் எட்டுப் பேரும் வசந்தாமணியும் காத்திருந்தார்கள். பதினோரு மணி ஆனது. எட்டுத் திரைகளும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. எண்கள் ஓடின, கோபுரம் எழும்பியது. யாருமே பார்க்கவில்லை. ஆனாலும் எட்டுப் பேரும் விரலை ஆட்டத் தொடங்கினார்கள். முகத்தில் யோசனையும் தெரிந்தது. எழுத்துகள் ஓடி முடிந்து திரைகள் வெறுமையான பிறகும் இரண்டு மூன்று பேர் ஆட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கடைசி வரிசையில் இருந்த ராமாத்தாள்தான் முதலில் கையை எடுத்தாள். அவள் அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்பவர்.

"மேடம், அதான் ஓடி முடிஞ்சிருச்சுங்களே. நாங்க நெசமாலுமே ஒண்ணு அடிச்சுப் பாக்கலாமுங்களா?"

வசந்தாமணி கதவைப் பார்த்தாள். "அடிங்க" என்றாள்.

முதலில் ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடித் தட்டினார்கள். ஒருவன் தன் பெயரை அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மனப்பாடம் செய்து வைத்திருந்த புரோகிராம்களை அடித்தார்கள். அரைப்புள்ளியை விட்டார்கள், அடைப்புக்குறியை விட்டார்கள். ஓடவிட்டதும் திரை முழுக்கப் பிழை. அதைத் திருத்தினால் இன்னொரு பிழை. ஒருவர் திரையை இன்னொருவர் எட்டிப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். ராமாத்தாள் வசந்தாமணியை இழுத்து, எட்டுத் திரையும் ஒன்றாக ஓடியது எப்படி என்று கேட்டாள். வசந்தாமணி அந்தப் பதினோரு மணி வரியைத் திறந்து காட்டினாள். சாப்பாட்டு நேரம் போனதையே யாரும் கவனிக்கவில்லை.

கமிட்டி உள்ளே நுழைந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மூவருக்கும் கண் சொருகியிருந்தது. தலைவர் பெரிய பேராசிரியர். முதல் திரையைக் குனிந்து பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார்.

"என்னம்மா இது, எந்த ஸ்கிரீனைப் பார்த்தாலும் எரர்?"

ராமாத்தாள் எழுந்து நின்றாள். "இன்னைக்குத்தான் மொதத் தடவையாத் தொடறமுங்க சார்."

சேர்மன் உரக்கச் சிரித்தார். "வெளையாட்டுப் பேச்சுங்க" என்றார். பிரின்சிபால் முந்திக்கொண்டு, "நேத்துத்தான் புது சாஃப்ட்வேர் போட்டோம் சார். அதைச் சொல்றா" என்றார். பொய் சொல்லும்போது மட்டும் அவருக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "போன வாரம் இன்னொரு காலேஜுக்குப் போயிருந்தோம். ஒரு டெர்மினல் சும்மா இல்லை. என்ன அழகா ஓடுச்சு! பசங்க கை நிக்கவே இல்லை, தெரியுமா?"

வசந்தாமணி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அடக்க முடியவில்லை.

"இதுல என்ன சிரிப்பு?"

"அந்தப் பசங்க வெரல் கீபோர்டுல பட்டுச்சுங்களா சார்?"

அவருக்குப் புரிந்ததா, புரியாதது மாதிரி இருந்தாரா தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சேலத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றார். மூன்று பேரும் சேர்மன் அறையில் ஒரு சோபாவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அதில் இரண்டே வரி. கம்ப்யூட்டர் பிரிவு தொடரலாம். ஆய்வகத்துக்கு அனுபவம் உள்ள பொறுப்பாளர் தேவை.

மறுநாள் சேர்மன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். குரலை உயர்த்தவே இல்லை.

"அம்மணி, நீங்க நெம்பப் பெரிய எடத்துல இருக்க வேண்டியவங்க. நம்ம காலேஜு உங்களுக்குச் சரிப்படாதுங்க."

"அது எனக்கும் தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

போகும்போது பிரின்சிபால் அறைக்குப் போனாள். அந்தப் பதினோரு மணி வேலை இன்னும் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது, ஒரே ஒரு வரியை எடுத்துவிட்டால் நின்றுவிடும், எப்படி என்று சொல்கிறேன் என்றாள். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "நாங்க பார்த்துக்கறோம்" என்றார்.

மேட்டூரில் ஒரு ரசாயனக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. அடுத்த மாதம் சேரச் சொன்னார்கள். அதுவரை எருமப்பட்டியில் வீட்டில் இருந்தாள். அப்படி இருந்த ஒரு மத்தியானம், வெயிலில் வேர்த்து விறுவிறுத்துப் போய்ப் பிரின்சிபால் கண்ணுசாமி வந்து நின்றார். பேருந்தில்தான் வந்திருந்தார். இந்த வேலைக்கெல்லாம் சேர்மன் காரைக் கொடுப்பதில்லை.

சுப்பையன் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார். அவர் அதைக் குடித்துவிட்டுச் சொன்னார். இப்போது டீசல் கணக்கைச் சேர்மனின் அண்ணன் மகன் அடிக்கிறான். தினமும் பதினோரு மணியானால் எட்டுத் திரையிலும் எண்களும் கோபுரமும் வந்து அவன் அடித்ததோடு கலந்துவிடுகின்றன. போன வாரம் பத்து ரிக் முதலாளிகளைச் சேர்மன் கூட்டி வந்து காட்டிக்கொண்டிருந்தபோது, ஆளே இல்லாத எட்டு நாற்காலிகளுக்கு முன்னால் எட்டுத் திரைகளும் தானாக அடிக்க ஆரம்பித்துவிட்டன. அதிலும் நடுநடுவே தப்பாக அடித்து, அழித்து, திருத்தி வேறு அடித்தன. இரண்டு முதலாளிகள் அறையைவிட்டே வெளியே போய்விட்டார்கள். அதன்பிறகு பூசாரி வந்து ஏசி பெட்டியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். கம்பெனி எஞ்சினியர் வர ஒரு மாதம் ஆகுமாம்.

வசந்தாமணி சிரிக்கவில்லை. "நீங்களுமா சார் நின்னு மிளகாய் கட்டுனீங்க?"

"சேர்மன் சொன்னாருங்கம்மா."

"நா வரலீங்க. நான் வந்துதான் ஆகோணும்னும் இல்லீங்க. மூணாவது வருசத்துல ராமாத்தாள்னு ஒரு பொண்ணு இருக்கா. அன்னைக்கு அந்த வரியைத் தொறந்து காட்டினேன். அவளை உள்ளார உடுங்க. நிமிசத்துல எடுத்துப்போடுவா."

"ஸ்டூடண்ட்டையா? சேர்மன் ஒத்துக்க மாட்டாருங்களே."

"அப்ப ஓடட்டும்."

அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, "நீங்க கொஞ்சம் பொறுமையா இருந்திருந்தா ஒருநாள் என் சீட்டுக்கு வந்திருக்கலாம்" என்றார். அதை ஆசீர்வாதம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

அவர் போனதும் சுப்பையன் மகளைக் கடிந்துகொண்டார். "ஊடு தேடி வந்த வயசான மனுசனை இப்புடியா பேசறது சாமி? மோர்த் தண்ணி குடிச்சது தொண்டையில எறங்கியிருக்காது."

"எறங்குமுங்கப்பா. அவருக்கு எல்லாம் எறங்கும்."

அவள் மேட்டூருக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கேயும் மேலதிகாரிகள் இருந்தார்கள், அங்கேயும் ஆமாங்க இருந்தது. அதை ஆங்கிலத்தில் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டின்போது செல்லாயி கல்லூரிக் கதையைச் சொல்வாள். மிளகாய் கட்டிய இடம் வந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு கும்பல் பொய்யர்களிடமிருந்து தலை நிமிர்ந்து வெளியே வந்தவள் என்ற நினைப்பு அவளுக்கு இதமாக இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஊருக்குப் போவதற்காக நாமக்கல் பேருந்து நிலையத்தில் எருமப்பட்டி பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, "மேடம்!" என்று ஒரு குரல் கேட்டது. ராமாத்தாள். கையில் அகலமான கம்ப்யூட்டர் காகிதக் கட்டு இருந்தது.

"என்னை உள்ளார உட்டுட்டாங்க மேடம். பிரின்சிபால் சார் வந்து கூட்டிட்டுப் போனாரு. அந்த வரியை எடுத்துப்போட்டேன்."

"நல்லதாப் போச்சு. இப்பக் கதவைத் தொறந்து வெச்சிருக்காங்களா?"

"இல்லீங்க. எனக்கு மட்டும் தெனமும் ரெண்டு மணி நேரம். சேர்மனோட அண்ணன் மகன் ஓடிப்போயிட்டான். டீசல் கணக்கு நாந்தான் போடறேன்."

"சம்பளம்?"

ராமாத்தாள் சிரித்தாள். "ஃபீஸ் கட்டிப் படிக்கற புள்ளைக்கு என்னுங்க சம்பளம்?"

"அறிவு கெட்ட ஆளுங்க. நீ எதுக்குப் போட்டுக் குடுக்கறே? முடியாதுன்னு சொல்லிப்போட்டு வெளியே வந்திருக்கோணும். நான் வரலே?"

ராமாத்தாள் காகிதக் கட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வந்துட்டீங்க மேடம். உங்களுக்கு மேட்டூர் இருந்துது. நாங்க எங்கீங்க போறது? கோவிச்சுக்கிட்டு வெளியே வந்தா கரும்பலகைக்குத்தானே போகோணும்?"

குரலில் கோபம் இல்லை. மரியாதை குறையவும் இல்லை. மேட்டூர் சாப்பாட்டு மேசையில் வசந்தாமணி சொல்லும் கதையில் இந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. தொட்டதே இன்றுதான் என்று சொன்ன வரி. அதற்குப் பிறகு இவளும் மற்ற ஏழு பேரும் என்ன ஆனார்கள் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"அது என்ன காகிதம்?" என்று கேட்டாள்.

"எங்க கிளாஸ் புரோகிராமுங்க. எல்லாரும் எழுதிக் குடுத்துடுவாங்க. டீசல் கணக்கை வெரசா முடிச்சுப்போட்டு, மிச்ச நேரத்துல இவங்களோடதை அடிச்சு உள்ளார போட்டுருவேன். ஓட்டிப் பாக்க நேரம் பத்தாது. அதனால ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருக்கறேன். கதவைப் பூட்டிட்டுப் போன பொறகு அது ஒண்ணொண்ணா எடுத்து ஓட்டி, பிரிண்டர்ல அடிச்சுப்போடும். எரர் இருந்தா எரரும் வருமுங்க. மறுநா எடுத்துட்டு வந்து அவங்கவங்களுக்குக் குடுத்தா, திருத்திக் குடுப்பாங்க. மெஷினை ஆஃப் பண்ணுனா கெட்டுப்போகும்னு சேர்மன் நெனைச்சுக்கிட்டு இருக்கறாரு. அது நமக்கு நல்லதாப் போச்சு."

"எத்தனை பேரோடது?"

"மொத்தக் கிளாசும். இப்ப ரெண்டாம் வருசமும் வருதுங்க."

"பிரின்சிபாலுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. காகிதம் என்ன இவ்வளவு செலவாகுதுன்னு சேர்மன் கேட்டாராம். டீசல் கணக்கு பெருசாயிருச்சுன்னு இவர் சொல்லியிருக்கறாரு."

வசந்தாமணி அதை நம்பாதவள்போல் அவளைப் பார்த்தாள். பிறகு கட்டை வாங்கிப் பிரித்தாள். பேருந்து நிலையத்துப் புழுக்கத்தில் நின்றபடியே மேலே இருந்த புரோகிராமைப் படித்தாள். முதல் பக்கத்தில் பதினேழு பிழைகள். அடுத்த பக்கத்தில் அதே ஆள் திருத்தியது. நான்கு. எருமப்பட்டி பஸ் வந்து நின்றதையும், நடத்துநர் ஏறச் சொல்லிக் கத்தியதையும் அவள் கவனிக்கவில்லை.

அடுத்த புரோகிராமுக்குப் போனதும் ஒரு வரியில் விரலை வைத்தாள். "இந்தப் புரோகிராம் நிக்காமச் சுத்திக்கிட்டே இருக்கும். இங்க பாரு, இந்த நிபந்தனை மாறவே மாறாது. இது மாதிரி ஒண்ணு மாட்டுனா, பின்னால இருக்கற எல்லாரோடதும் நின்னுபோகும்."

"அதுதானுங்க மேடம் புதன்கெழமை ஆச்சு. ஏன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தோம்."

"இத்தனை நேரத்துக்கு மேலே ஓடுனா அதை நிறுத்திப்போட்டு அடுத்ததுக்குப் போகற மாதிரி ஸ்கிரிப்ட்ல வெக்கோணும். பேனா வெச்சிருக்கறயா?"

ராமாத்தாள் பையைத் துழாவினாள். இருவரும் பூ விற்கும் பெண்ணிடம் கேட்டு, அவள் கூடைக்குப் பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்தார்கள். பஸ் புறப்பட்டுப் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று இருவரும் கேட்கவில்லை.